அரைக்கலாம், வடிகட்டக் கூடாது: சாப்பாட்டில் அடம்பிடிக்கிற வீட்டில் நார்ச்சத்து சேர்ப்பது எப்படி

போன வருடம் ஜனவரியில் ஒரு நாள் காலை, குன்னூரில் பல் கிட்டுகிற குளிர், என் மகள் கழிவறையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். ஏழு வயது. மூன்று நாளாகப் போகவில்லை, நான்காம் நாள் போனபோது கிழிந்து ரத்தம் வந்துவிட்டது. டாக்டர் பார்த்து மருந்து எழுதிக் கொடுத்தார், அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நேற்று முழுக்கக் குழந்தை என்னென்ன சாப்பிட்டாள், சொல்லுங்கள்." சொன்னேன். காலையில் பாலும் இரண்டு வர்க்கியும் (இங்கத்து மொறுமொறு பேக்கரி பண்டம்), மதியம் பருப்பு சாதம், சாயங்காலம் பன், ராத்திரி தோசையும் சர்க்கரையும். சொல்லி முடிக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. என் கணவர் கேத்தியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட்டும் பீட்ரூட்டும் ஏற்றிப் போகிற பிக்அப் வண்டி ஓட்டுகிறார், அந்த வீட்டுக் குழந்தை ஒரு நாள் முழுவதும் காய் என்று ஒரு துண்டுகூடத் தின்னவில்லை.

அன்றிலிருந்து ஒரு வருடத்துக்கு மேலாக என் சமையலறையில் நான் செய்து பார்த்ததில் எது நின்றதோ அதை மட்டும் இங்கே எழுதுகிறேன். எங்கள் வீட்டில் ஐந்து பேர். மகளைச் சொல்லிவிட்டேன். பதிமூன்று வயது மகனுக்கு நூடுல்ஸும் பரோட்டாவும் போதும். கணவர் சாம்பாரில் காய் தெரிந்தால் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிடுவார். அத்தைக்கு எழுபது வயது, பாதிப் பல் இல்லை, சர்க்கரை வேறு இருக்கிறது. இந்த நான்கு பேருக்கும் ஒரே அடுப்பில் சமைக்கிறவள் நான்.

முதல் வாரம் நான் செய்தது முழுத் தவறு. ஒரே நாளில் காலை சாமைப் பொங்கல், மதியம் கீரைக் கூட்டு, சாயங்காலம் முளைகட்டிய பயறு என்று வீட்டையே தலைகீழாக்கினேன். யாரும் சாப்பிடவில்லை, சாப்பிட்ட ஒருவருக்கும் வயிறு உப்பி ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. அத்தை, "என்னம்மா, கோழிக்கு வைக்கறதையெல்லாம் எங்களுக்கு வைக்கறே" என்றார். அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. அதன்பிறகு ஒரு முடிவுக்கு வந்தேன்: புதிதாக எந்தப் பதார்த்தமும் செய்வதில்லை. எதைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்களோ, தட்டை வழித்துக் காலி செய்கிறார்களோ, அதற்குள்ளேயே மாற்ற வேண்டியது. அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக.

எவ்வளவு வேண்டும், எவ்வளவு கிடைக்கிறது

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 30 கிராம் அளவுக்கு நார்ச்சத்து வேண்டும் என்பது ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு. குழந்தைகளுக்கு ஒரு சுலபமான வழி உண்டு, வயதோடு ஐந்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஏழு வயதுக்கு 12 கிராமாவது வேண்டும். இது குறைந்த அளவு, இதற்கு மேல் போனால் நல்லதுதான்.

ஒரு நாள் ராத்திரி பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்து என் கணவர் சாப்பிட்டதைக் கணக்குப் போட்டேன். வெள்ளை அரிசி 100 கிராமில் நார் மூன்று கிராம்கூட இல்லை. தோசைக்குப் போனதையும் சேர்த்து கால் கிலோ அரிசி என்று வைத்தால் 7 கிராம். துவரம்பருப்பு ஒரு கைப்பிடி, மூன்றரை கிராம். ஒதுக்கியது போக உள்ளே போன காய் இரண்டு கிராமுக்குக் காணாது. தேங்காய்ச் சட்னியில் இரண்டு. எல்லாம் கூட்டினால் பதினைந்து கிராமை எட்டவில்லை, அதாவது தேவையில் பாதி. மீதிப் பாதியை எங்கிருந்து கொண்டு வருவது என்பதுதான் என் கேள்வியாக இருந்தது, அதற்குப் பதில் மளிகை டப்பாக்களிலேயே இருந்தது: 100 கிராம் ராகியில் 11 கிராம், முழுக் கொண்டைக்கடலையில் 25 கிராம், தோல் எடுக்காத கறுப்பு உளுந்தில் 20 கிராம், சாமையில் ஏழரைக்கு மேல். மைதாவில்? மூன்றுகூட இல்லை. வர்க்கி, பன், பரோட்டா, பிஸ்கட் எல்லாம் இந்தக் கடைசிக் கணக்கில்தான் வருகின்றன.

இன்னொரு விஷயம், இதைப் பலர் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். பீன்ஸ் ஆயும்போது இரண்டு பக்கமும் உரித்துப் போடுகிறோமே அந்த நார்தான் நார்ச்சத்து என்று அத்தை நம்பிக்கொண்டிருந்தார், "அதைத்தான் நீ தூக்கிப் போடறியே" என்றும் கேட்டார். உரித்த பீன்ஸிலும் 100 கிராமுக்கு நான்கு கிராம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற நாரே வேண்டியதில்லை. கேரட்டிலும் கொய்யாவிலும் ஓட்ஸிலும் பயறிலும் ஒரு வகை இருக்கிறது, அது தண்ணீரில் ஊறிக் கூழ் மாதிரி ஆகி சர்க்கரை ரத்தத்தில் மெதுவாக ஏறும்படி செய்கிறது, கெட்ட கொழுப்பையும் கொஞ்சம் குறைக்கிறது. தவிடு, தோல், கீரை இவற்றில் இருக்கிற இன்னொரு வகை கரையாது, மலத்துக்குப் பருமன் கொடுத்துத் தள்ளிவிடும். இரண்டும் வேண்டும். நம் சாப்பாட்டில் பெரும்பாலும் இரண்டும் கலந்தே வரும், பிரித்துப் பிரித்துக் கவலைப்பட வேண்டாம்.

என் ஒரே விதி

மிக்ஸியில் அரைத்தால் நார்ச்சத்து போய்விடுமா என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். போகாது. பொடியாகும், அவ்வளவுதான், வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்துவிடும். வடிகட்டும்போதுதான் போகிறது. ஜூஸ் பிழிந்து சக்கையை எறிவதும், கோதுமை மாவைச் சலித்துத் தவிட்டைக் கொட்டுவதும் நார்ச்சத்தைக் குப்பையில் போடுகிற வேலை. ஆகவே அரைக்கலாம், மசிக்கலாம், துருவலாம், வடிகட்டக் கூடாது. காய் ஒதுக்குகிற வீட்டுக்கு இந்த ஒரு விதி பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும்.

சாம்பாருக்குப் பருப்பு வேகிறபோதே குக்கரில் ஒரு கேரட்டும் கால் பகுதி சௌசௌவும் (பெங்களூர் கத்திரிக்காய் என்றும் சொல்வார்கள், இங்கே வேலிக்கு வேலி காய்க்கும்) போட்டு, வெந்ததும் பருப்பு மத்தால் ஒன்றாகக் கடைந்துவிடுகிறேன். சாம்பார் கெட்டியாக, லேசாக இனிப்பாக வரும், புளி ஒரு சிட்டிகை கூட்டிக்கொள்ளுங்கள். காயே இல்லாத சாம்பார் என்று நினைத்து என் கணவர் இரண்டு கரண்டி கூடுதலாக ஊற்றிக்கொள்கிறார். தக்காளிச் சட்னி அரைக்கும்போது ஒரு கேரட்டை வதக்கிச் சேர்த்தால் நிறமும் மாறாது, ருசியும் கெடாது. பீட்ரூட் மட்டும் காட்டிக் கொடுத்துவிடும், அதை நான் இப்படி மறைப்பதில்லை.

கேரட்டைத் தோல் சீவாதீர்கள். இங்கே மெஷினில் கழுவித்தான் வருகிறது, பிரஷ் வைத்து ஒரு தேய் தேய்த்தால் போதும்.

மாவு

தினமும் தோசை, இட்லி சாப்பிடுகிற வீட்டில் மாவுக்குள்தான் முதலில் கை வைக்க வேண்டும். நான் நான்கு டம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து போடுகிறவள். முதல் வாரம் அரை டம்ளர் அரிசியை எடுத்துவிட்டு அரை டம்ளர் சாமை போட்டேன், யாருக்கும் தெரியவில்லை. மூன்றாவது வாரம் ஒரு டம்ளர். அப்போதும் தெரியவில்லை. பாதிக்குப் பாதி போட்டபோது இட்லி அமுங்கிப் போய் மகன் கண்டுபிடித்துவிட்டான். ஆகவே இட்லிக்கு மூன்று அரிசி, ஒரு சாமை என்பதே எங்கள் வீட்டு எல்லை, தோசைக்கென்றால் பாதி வரை போகலாம். சாமை வாங்கும்போது பளீரென்று வெள்ளையாக இருப்பதை வாங்காதீர்கள், அது நன்றாகத் தீட்டியது, அரிசிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. கொஞ்சம் பழுப்பாக இருப்பதுதான் நமக்கு வேண்டியது.

தோசை மாவுக்கு உளுந்தில் பாதியைக் கறுப்பு உளுந்தாகத் தோலோடு போடுங்கள். மாவில் கறுப்புப் புள்ளி தெரியும், ஆனால் முறுகலாக வார்த்துவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். இரண்டு ஸ்பூன் வெந்தயம் கட்டாயம், அதன் எடையில் கிட்டத்தட்டப் பாதி நார்தான்.

மலையில் மாவு பொங்காது என்பது நமக்கெல்லாம் தெரிந்த தலைவலி. சாமை சேர்த்தால் இன்னும் மெதுவாகப் பொங்குகிறதோ என்று எனக்கு ஒரு பயம் இருந்தது, அப்படி இல்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத்து, பெரிய பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி அதற்குள் மாவுப் பாத்திரத்தை வைத்து, பழைய கம்பளியைச் சுற்றி அடுப்பு மேடையில் வைத்துவிடுவேன். டிசம்பரில் பதினாறு மணி நேரம் ஆகும். ஆகட்டும்.

சப்பாத்திக்கு மில்லில் அரைத்த மாவைச் சலிக்காமல் பிசையுங்கள். முழுக் கோதுமை மாவில் 100 கிராமுக்கு 11 கிராம் நார் இருக்கிறது, சலித்துத் தவிட்டைக் கொட்டினால் அதில் பெரும்பகுதியைக் கொட்டிவிடுகிறோம். சலிக்காத மாவு கொஞ்சம் அதிகத் தண்ணீர் குடிக்கும், பிசைந்து அரை மணி ஊற வைத்தால் மெத்தென்று வரும்.

ரேஷன் ராகி

2023-ல் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷன் கடையில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ ராகி கொடுக்கத் தொடங்கினார்கள். எங்கள் தெருவில் அதை வாங்கி மாட்டுக்கு வைத்தவர்கள் உண்டு, எனக்கு மனசு வலித்தது. இந்த மலையில் படகர் வீடுகளில் ராகியும் சாமையும்தான் காலங்காலமாகச் சாப்பாடு, அவரைக்கொட்டை போட்ட குழம்போடு ராகிக்களி சாப்பிட்டு வளர்ந்த பாட்டிகள் இன்றும் மேட்டில் ஏறித் தேயிலை பறிக்கிறார்கள். நல்ல தானியம், கைக்கு வந்து சேர்கிறது, விடாதீர்கள்.

கல் பார்த்து, இரண்டு மூன்று தண்ணீர் கழுவி, வெயிலில் காய வைத்து அரைக்க வேண்டும். அக்டோபர், நவம்பர் மழையில் வெயிலுக்கு எங்கே போவது? துணியில் பரப்பி ஒரு ராத்திரி வீட்டுக்குள் உலர்த்தி, அப்புறம் வாணலியில் சிறு தீயில் வாசனை வரும்வரை வறுத்துவிடுங்கள். வறுத்த ராகியில் மாவு இன்னும் மணமாக இருக்கும்.

களியைக் காட்டினால் என் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள். ராகி புட்டு செய்து தேங்காயும் நாட்டுச் சர்க்கரையும் போட்டுக் கொடுத்தேன், மகள் கிண்ணத்தை நக்கினாள். தேங்காயிலேயே 100 கிராமுக்குப் பத்து கிராம் நார் உண்டு, எனவே அது வெறும் ருசிக்காக மட்டும் இல்லை. மகனுக்கு வெங்காயம், பச்சை மிளகாய் போட்ட ராகி ரொட்டி, அதுவும் ஓரம் முறுகி இருந்தால்தான். அத்தைக்கு ராகிக் கஞ்சி, சர்க்கரை நோய் இருப்பதால் வெல்லம் போடாமல் மோரும் உப்பும் சின்ன வெங்காயமும் போட்டு. கஞ்சியானாலும் அளவு பார்த்துத்தான் கொடுக்க வேண்டும், ராகியிலும் மாவுச்சத்து நிறையவே இருக்கிறது.

பயறு: மலை உயரத்தில் வேகிற கதை

மீதிப் பாதி நார்ச்சத்தைக் கொண்டு வருகிற பெரிய கை இதுதான். முப்பது கிராம் காய்ந்த கொண்டைக்கடலை, அதாவது ஒரு சின்னக் கைப்பிடி, ஏழு கிராமுக்கு மேல் தருகிறது. வேறு எதிலும் இவ்வளவு மலிவாக இவ்வளவு கிடைக்காது. ஆனால் நம் ஊரில் பயறை வெறுக்கிறவர்களில் பாதிப் பேர் வேகாத பயறைத் தின்று வெறுத்தவர்கள் என்பது என் எண்ணம்.

காரணம் உயரம். குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர். இங்கே காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஊட்டியில் அதைவிட ஒன்றரை டிகிரி குறைவு. பாத்திரத்தில் எவ்வளவு நேரம் கொதித்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது, அதனால் கோயம்புத்தூரில் முக்கால் மணியில் வேகிற பயறு இங்கே ஒன்றரை மணி ஆனாலும் நடுவில் கட்டியாகவே நிற்கும். குக்கர் இல்லாமல் முயற்சியே வேண்டாம். கீழே சமவெளியில் இருக்கிற தங்கை நான்கு விசில் என்று சொன்னால் நான் ஆறு வைப்பேன், பிறகு அழுத்தம் தானாக இறங்குகிற வரை தொடவே மாட்டேன்.

ஊற வைப்பதிலும் இதே கதைதான். ராத்திரி பச்சைத் தண்ணீரில் போட்டால் அந்தத் தண்ணீரே ஐஸ் மாதிரி இருக்கும், காலையில் பார்த்தால் பாதிதான் ஊறியிருக்கும். நன்றாகக் கொதித்த தண்ணீரை ஊற்றி மூடி வையுங்கள். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேக வையுங்கள், வாயுத் தொந்தரவு கொடுக்கிற சர்க்கரைகளில் கொஞ்சம் அந்தத் தண்ணீரோடு போய்விடும். ராஜ்மா மட்டும் கவனம்: அரைகுறையாக வெந்த ராஜ்மாவில் இருக்கிற ஒரு நச்சுப் பொருள் வாந்தி, வயிற்றுப்போக்கு வரை கொண்டு போகும், விரலில் நசுக்கினால் மாவாக நசுங்கணும், அதற்கு முன் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

இனி, வெந்த பயறை எங்கே ஒளிப்பது? ஒளிக்கக்கூட வேண்டாம், பிடித்ததோடு சேர்த்துவிட்டால் போதும். எங்கள் வீட்டில் உருளைக்கிழங்கு வறுவல் என்றால் சண்டை நடக்கும். உருளையில் நார் 100 கிராமுக்கு இரண்டு கிராம்கூடத் தேறாது. உருளையைப் பாதியாகக் குறைத்து, மீதிக்கு வெந்த கொண்டைக்கடலையோ பச்சைப் பட்டாணியோ போட்டு அதே மிளகாய்த்தூள், அதே சோம்பு, அதே முறுகல். ஞாயிற்றுக்கிழமை பரோட்டாவை நான் நிறுத்தவில்லை, நிறுத்தினால் என் மகன் கடைக்குப் போய்த் தின்பான். சால்னாவை வீட்டில் வைக்கிறேன், அதில் பட்டர் பீன்ஸ் நிறையப் போட்டு, பாதியை மசித்து. கெட்டியான சால்னா, பரோட்டா மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டது, நான் ஒரு வார்த்தை சொல்லாமலேயே.

பட்டர் பீன்ஸ் பச்சையாகக் கிடைக்கிற காலத்தில் கிலோ கணக்கில் வாங்கி உரித்து, ஃப்ரீசரில் போட்டு வையுங்கள். பச்சைப் பட்டாணியும் அப்படியே. பல் இல்லாத அத்தைக்கு இந்த இரண்டும் வெண்ணெய் மாதிரி கரையும்.

காயை அப்படியே தின்ன வைப்பது

சாம்பாரில் கரைத்ததெல்லாம் முதல் சில மாதங்களுக்கு. காயின் முகமே தெரியாமல் குழந்தை வளரக் கூடாது என்பது என் கருத்து. அப்புறம், பிள்ளைகள் "இதில் என்ன போட்டிருக்கிறாய்" என்று நேராகக் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். நான் சொல்லிவிடுவேன். கேட்காதவரை நானாகச் சொல்வதில்லை.

ஒரு காயைக் குழந்தை ஏற்றுக்கொள்ள பத்துப் பதினைந்து தடவைகூட ஆகலாம். நாம் மூன்றாவது தடவையே "இவளுக்குப் பிடிக்காது" என்று முத்திரை குத்திவிடுகிறோம். ஒரு துண்டு மட்டும் தட்டில் வைப்பேன், தின்னச் சொல்ல மாட்டேன், தின்னாவிட்டால் பேச மாட்டேன். மகள் பீன்ஸ் பொரியலைத் தொட இரண்டு மாதம் ஆனது. தொட வைத்தது என்ன தெரியுமா, ஒரு நாள் அவளே உட்கார்ந்து பீன்ஸ் ஆய்ந்தாள். தான் ஆய்ந்ததைத் தானே தின்று பார்த்தாள்.

வேக விடுகிற பதம் ரொம்ப முக்கியம். மகனுக்குக் குழைந்த காய் ஆகாது, அதனால் நூடுல்ஸில் ஒரு பாக்கெட்டுக்குப் பதில் அரைப் பாக்கெட், மீதிக்கு முட்டைக்கோஸ், கேரட், பீன்ஸ் மூன்றையும் நூடுல்ஸ் நீளத்துக்கே மெல்லிசாக நறுக்கி, அதிகத் தீயில் இரண்டே நிமிடம் புரட்டி. அத்தைக்கு அதே காயைக் குழைய வேக வைத்து மிளகு போட்ட சூப்பாக. ஒரே காயை இரண்டு விதமாகச் செய்வதில் ஐந்து நிமிடம்தான் கூடுதல்.

பீட்ரூட் வாங்கினால் கீரையோடு வாங்குங்கள். உழவர் சந்தையில் பலர் திருகிப் போட்டுவிட்டு வருகிறார்கள். பொடியாக அரிந்து அடை மாவில் போட்டால் முருங்கைக்கீரை அடையைப் போலவே இருக்கும்.

சாயங்கால டீ

நீலகிரியில் வர்க்கி இல்லாமல் டீயா என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டிலும் வர்க்கி உண்டு, மூன்று இருந்தது ஒன்றாகிவிட்டது. முன்னால் ஒரு கிண்ணம் சுடச்சுடச் சுண்டல் வைத்துவிடுகிறேன், பள்ளிக்கூடம் விட்டுக் குளிரில் நடந்து வருகிற பிள்ளைகளுக்கு அந்தச் சூடு பிடித்திருக்கிறது. சுண்டல் இல்லாத நாளில் வறுத்த வேர்க்கடலை, அவித்த மக்காச்சோளம், பொரித்த சோளப்பொரி. நாலரை மணிக்கு வயிறு நிஜமாகவே பசிக்கிறது, அந்த நேரத்தில் எதை முன்னால் வைக்கிறோமோ அது உள்ளே போகும். நான் ஒரு நாளில் அதிக நார்ச்சத்தை உள்ளே அனுப்புவது இந்த வேளையில்தான்.

கோதுமை என்று பெயர் போட்ட பிஸ்கட்டைப் பார்த்து ஏமாற வேண்டாம். பின்பக்கம் திருப்பிப் பாருங்கள், பொருட்கள் எடை அதிகமுள்ளதிலிருந்து வரிசையாக எழுதப்பட்டிருக்கும். முதலில் ரிஃபைன்ட் வீட் ஃப்ளோர் என்று இருந்தால் அது மைதா.

பழத்தில் ஒரு விஷயம் என்னை ஆச்சரியப்படுத்தியது. மலச்சிக்கல் என்றால் வாழைப்பழம் என்று காலங்காலமாகச் சொல்கிறோம், ஆனால் 100 கிராம் வாழைப்பழத்தில் இரண்டு கிராம் நார்தான். கொய்யாவில் எட்டரை. பட்டர் ஃப்ரூட்டில் (அவகாடோ) ஆறரைக்கு மேல், அதைப் பாலும் சர்க்கரையும் போட்டு ஜூஸ் அடிக்காமல், உப்பு, எலுமிச்சை, வெங்காயம் சேர்த்து மசித்துச் சப்பாத்திக்குள் தடவிப் பாருங்கள். பிளம்ஸும் பேரிக்காயும் வரும்போது தோலோடு தின்னப் பழக்குங்கள். அத்தைக்குப் பேரிக்காயைத் தோலோடு துண்டு போட்டு, ஒரு ஏலக்காய் தட்டிப் போட்டு ஆவியில் வேக வைத்துக் கொடுப்பேன்.

தண்ணீர், இதை விட்டால் எல்லாம் வீண்

மலையில் யாருக்கும் தாகம் எடுக்காது. காலையில் இரண்டு டம்ளர் டீ, மதியம் சாப்பாட்டோடு ஒரு டம்ளர் தண்ணீர், அவ்வளவுதான், பலருடைய நாள் அப்படியே முடிந்துவிடும். நார்ச்சத்தைக் கூட்டிவிட்டுத் தண்ணீரைக் கூட்டாவிட்டால் உள்ளே போனது காய்ந்து இறுகும், மலச்சிக்கல் முன்பைவிட மோசமாகும். முதல் வாரம் எங்கள் வீட்டில் நடந்ததில் இதுவும் ஒன்று.

பச்சைத் தண்ணீரைக் குடி குடி என்று சொல்லிப் பிரயோஜனமில்லை, பல் கூசுகிறது. ஒரு பெரிய ஃப்ளாஸ்கில் சீரகம் போட்ட வெந்நீரை டிவி பக்கத்தில் வைத்தேன், கண்ணில் படுகிற இடத்தில். பிள்ளைகளின் பள்ளிப் பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீர். ராத்திரி சாப்பாட்டில் ரசத்தைத் தனி டம்ளரில் ஊற்றிக் கொடுத்துவிடுகிறேன். கணவருக்கு வண்டியில் ஒரு ஃப்ளாஸ்க், வழியில் எங்கே நிறுத்துவது என்று அவர் தண்ணீரே குடிக்காமல் இருந்தவர், அந்தப் பழக்கம் மாற ஆறு மாதம் ஆனது.

வேகம் வேண்டாம், சில எச்சரிக்கைகள்

வாரத்துக்கு ஒரே ஒரு மாற்றம் போதும். ஒரு வாரம் மாவு, அடுத்த வாரம் சுண்டல், அதற்கடுத்து சாம்பார். குடலில் இருக்கிற கிருமிகள் நாரைப் புளிக்க வைத்துத்தான் வாயு வருகிறது, பழகுவதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். உப்புசம் வந்தால் அளவைப் பாதியாக்குங்கள், நிறுத்திவிடாதீர்கள். சுண்டலில் பெருங்காயமும் இஞ்சியும் போடுவது நம் பாட்டிகள் கண்ட வழி, நானும் அதை விடுவதில்லை.

மலச்சிக்கலுக்குக் கடையில் விற்கிற இசப்கோல் பொடியைச் சிலர் உடனே வாங்கிவிடுகிறார்கள். அது நல்ல நார்தான், ஆனால் பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரில் கலந்து உடனே குடிக்க வேண்டும், குறைந்த தண்ணீரில் கொடுத்தால் தொண்டையிலேயே உப்பி அடைத்துவிடும். விழுங்கக் கஷ்டப்படுகிற வயதானவர்களுக்கு வேண்டவே வேண்டாம். தைராய்டு மாத்திரை மாதிரி தினமும் சாப்பிடுகிற மருந்துகளை இந்தப் பொடியோடு சேர்த்துப் போடாதீர்கள், எவ்வளவு இடைவெளி விடணும் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுக்கிறவர்கள் அரிசியைக் குறைத்துப் பயறைக் கூட்டும்போது ரத்தச் சர்க்கரையை அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும், அத்தைக்கு மருந்தின் அளவையே மாற்ற வேண்டியிருந்தது. குடலில் அறுவை சிகிச்சை ஆனவர்கள் கேட்காமல் எதையும் தொடங்க வேண்டாம். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, திடீரென்று பழக்கம் மாறுவது, இதெல்லாம் சாப்பாட்டில் சரி செய்கிற விஷயமில்லை, டாக்டரிடம் போங்கள்.

கல்யாணம், திருவிழா என்று கீழே போய் மூன்று நாள் தங்கினால் எல்லாம் கலைந்துவிடும், அது எங்களுக்கும் நடக்கிறது. பையில் ஒரு டப்பா வறுத்த கடலையும் ஃப்ளாஸ்கும் இருக்கும். திரும்பி ஏறும்போது பர்லியாறு பக்கத்தில் வண்டியை நிறுத்தி, பழக்கடையில் கொய்யா இருந்தால் ஒரு கிலோ வாங்கி, அங்கேயே நான்காகக் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தடவிக் கொடுத்துவிடுவேன். போன தடவை குன்னூர் வந்து சேர்வதற்குள் மகள் இரண்டைத் தின்று முடித்திருந்தாள், விதையோடு.